புளூபெரிக் கதியால்: திருகோணமலையில் வேர் விட்ட தண்டுகளின் கதை

கதியால் போட்டு வேலி அடைத்த ஊரில் பிறந்தவனுக்குத் தண்டை வெட்டி நட்டுச் செடியாக்குவது புதினமல்ல. ஐப்பசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று கைக்கு எட்டிய மரத்தில் தடி வெட்டுவோம். அடிமுனையை ஒரே வெட்டில் சரித்துச் சீவி, மேல்முனையில் சாணி அப்பி, அலவாங்கால் குழி குத்தி இறக்கிவிட்டால் தைப்பொங்கலுக்கு வேலி பச்சையாக நிற்கும். மரவள்ளியும் அப்படித்தான், முருங்கையும் அப்படித்தான். அதனால் "புளூபெரித் தண்டு நட்டால் வருமா?" என்று என்னிடம் கேட்கப்பட்டபோது, "ஏன் வராது, கதியால்தானே" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

கேட்டவன் என் அக்காவின் மகன். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன இடத்தில் முழங்கால் உயரப் புளூபெரிச் செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கிவந்து உவர்மலையில் எங்கள் முற்றத்தில் இறக்கினான். விற்றவர் இரகத்தின் பெயரைச் சொல்லவில்லை. "எங்கே வைத்தாலும் காய்க்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். "மாமா, இதை வெட்டி நூறு கன்றாக்கித் தாருங்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குப் பழம் கொடுக்கலாம்" என்றான். வெளிநாட்டுப் பழத்தைச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொழும்பில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினான். கணக்கு இனித்தது.

அந்தக் கணக்குக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டிய தண்டு வேர் விடுமா? வேர் விட்ட கன்று இங்குள்ள மண்ணிலும் தண்ணீரிலும் பிழைக்குமா? பிழைத்தது பூத்துக் காய்க்குமா? முதலாவது கைப்பக்குவத்தைப் பொறுத்தது. மற்ற இரண்டையும் கடலும் மலையும் மழையும் தீர்மானிக்கின்றன. இணையத்தில் சுற்றும் புளூபெரிக் காணொளிகள் பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிடும். வெள்ளை வேர் தெரிந்ததும் இசையைக் கூட்டிப் படத்தை முடித்துவிடுவார்கள்.

காட்டுப் பற்றையில் தொடங்கிய பயிர்

நெல், எள், தென்னை போலப் புளூபெரிக்கு ஆயிரம் ஆண்டுப் பயிர் வரலாறு கிடையாது. வட அமெரிக்கப் பழங்குடிகள் காட்டில் பறித்து உண்ட பழம் அது. தோட்டத்துக்குள் வந்தது நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த தாவரவியலாளர் பிரெடரிக் கோவில் 1906ஆம் ஆண்டளவில் இதை வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். சுண்ணாம்பிட்டு எருப் போட்டுக் கொழுத்த தோட்டமண்ணில் செடி நோஞ்சானாகிச் செத்தது. புளித்த, சத்துக் குறைந்த, சதுப்பு நிலத்து மண்ணில் செழித்தது. 1910இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். நியூ ஜேர்சியில் கிரான்பெரித் தோட்டம் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எலிசபெத் வைட் அதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டே அவருக்குக் கடிதம் எழுதினார். என் நிலத்தில் செய்து பாருங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது கடிதத்தின் சாரம்.

வைட் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். காடு தெரிந்த உள்ளூர்க்காரர்களிடம் துளையிட்ட ஓர் அளவுகருவியைக் கொடுத்து, அந்தத் துளைக்குள் நுழையாத பழம் காய்க்கும் பற்றையைக் கண்டுபிடித்தால் காசு தருவதாகச் சொன்னார். துளையின் விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர். கண்டுபிடித்தவரின் பெயரையே பற்றைக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய பற்றைதான் இன்றும் பயிரிடப்படும் 'ரூபெல்' இரகம். 1916இல் முதல் தோட்டப் பழங்கள் சந்தைக்குப் போயின.

காட்டில் ஒரு நல்ல பற்றை கிடைத்துவிட்டது. அதை ஆயிரமாகப் பெருக்குவது எப்படி? விதை உதவாது. தோட்டத்துப் புளூபெரியில் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் நான்கு தொகுதிகளாக இருக்கின்றன. போதாக்குறைக்கு அது அயல்செடியின் மகரந்தத்தை விரும்பும் பயிர். ஒரு பழத்தின் விதைகளை முளைக்கப் போட்டால் ஒவ்வொரு நாற்றும் ஒரு குணத்தோடு வரும், தாயைப் போல ஒன்றும் வராது. நம் ஊரில் கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டையை நட்டுவிட்டுப் பத்து ஆண்டு காத்திருந்து ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே தண்டுதான் வழி. பெட்டிப் பழத்தின் விதையைப் பிதுக்கிக் கடதாசியில் காயவைப்பவர்கள் பொழுதுபோக்காகச் செய்யட்டும். ஹோட்டலுக்கு விற்கும் கனவை மட்டும் அதில் கட்ட வேண்டாம்.

முதலில் வந்த இலைகள்

ஆடி மாதத்தில் நான் பன்னிரண்டு தண்டு வெட்டினேன். பென்சிலை விடச் சற்று மெல்லியவை, ஒரு சாண் நீளம். கதியால் போலவே அடியைச் சரித்துச் சீவி, மணலும் எருவும் கலந்த தொட்டியில் குத்தி, மாமர நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் அரும்புகள் பிளந்தன. எலியின் காது அளவில், ஓரத்தில் செம்மை படர்ந்த இலைகள். மருமகன் படமெடுத்துக் கனடாவில் இருக்கும் சித்திக்கு அனுப்பினான். மூன்றாம் கிழமை, ஒரே பகலில், எல்லா இலையும் தொங்கிவிட்டன. ஒன்றைப் பிடுங்கினேன். வெண்ணெயில் சொருகிய கத்தி போல வந்தது. அடிமுனை கறுத்து, விரலால் தடவியதும் தோல் உறை கழன்றது. வேரின் தடயமே இல்லை.

இந்தப் பயிரில் கைவைக்கும் எல்லோரும் முதலில் ஏமாறும் இடம் இதுதான். தண்டில் அரும்பு விரிவதற்கு வேர் தேவையில்லை. தண்டுக்குள் சேமித்திருக்கும் மாப்பொருளும் நீரும் போதும். இலை விரிந்த நிமிடம் முதல் அது நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்குகிறது. கீழே அதை ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. கிளுவைத் தடி கைப்பருமன், அதன் உடலே ஒரு சேமிப்புத் தொட்டி. மூன்று மாதம் பட்டினி கிடந்தும் வேர் விட்டுவிடும். திறந்த காற்றில் நிற்கும் புளூபெரித் தண்டில் மூன்று கிழமைக்குத்தான் இருப்பு. அதற்குள் வேர் வராவிட்டால் கதை முடிந்தது.

நான் வெட்டிய மாதமும் தவறு. திருகோணமலையில் கச்சான் என்றால் இரண்டு பொருள். ஒன்றை வறுத்துச் சுருளில் விற்பார்கள், மற்றது நம்மை வறுக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஈரத்தைத் தொலைத்துவிட்டு இறங்கும் அந்தக் காற்றில், ஈரச்சாரம் ஒரு மணித்தியாலத்தில் காயும். பகல் வெப்பம் 34, 35 பாகை. வேரில்லாத இலை அதில் என்ன செய்யும்?

இனி, வெட்டுவாயில் நடப்பதைப் பார்ப்போம். தண்டை வெட்டியதும் செடி அதைக் காயமாக எடுத்துக்கொண்டு மூடப் பார்க்கிறது. தோலுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய வளையமாக ஓடும் மாறிழையத்தில் கலங்கள் பெருகி, வெட்டுவாயில் ஒரு தழும்புத் திரளை உண்டாகும். தளிர் நுனியிலும் இலைகளிலும் உருவாகும் ஒக்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தம் கீழ்நோக்கி வழிந்து அங்கே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் சில கலங்களை வேராக மாறச் சொல்லும் கட்டளை. தண்டைத் தலைகீழாக நட்டால் வேர் வர மறுப்பதற்கும் இந்த ஒருவழிப் பாதைதான் காரணம். அடிமுனையைச் சரித்துச் சீவும் வழக்கத்தில் ஒரு பாதுகாப்பும் உண்டு. கட்டு அவிழ்ந்து தடிகள் கலைந்தாலும் எது கால், எது தலை என்று தெரியும்.

தழும்புத் திரளை வேரல்ல. பலர் அதைக் கண்டதும் கொண்டாடிவிட்டுத் தண்டைத் தொட்டிக்கு மாற்றிக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டாம் முறை நட்டபோது ஐந்தாம் கிழமை ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். அடியில் ஊறவைத்த சவ்வரிசி ஒட்டியது போல ஐந்தாறு மணிகள், தந்த நிறம். அப்படியே திரும்பப் புதைத்தேன். ஒன்பதாம் கிழமை அந்த மணிகளுக்குச் சற்று மேலே, தண்டின் தோலைக் கீறிக்கொண்டு, தென்னந்தும்பை விட மெல்லிய இழைகள் வந்திருந்தன. தும்பு என்று நினைத்து ஒன்றை இழுத்து அறுத்தும்விட்டேன்.

இரண்டாம் தடவை

புளூபெரி விளையும் நாடுகளில் இருவகைத் தண்டு எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் செடியிலிருந்து, கடந்த ஆண்டு வளர்ந்த கட்டையை 12 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டுவது வன்தண்டு முறை. நுனியிலிருக்கும் பருத்த, உருண்ட அரும்புகள் பூவரும்புகள். அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு, ஒடுங்கிக் கூரான இலையரும்புகள் உள்ள கீழ்ப்பகுதியை எடுப்பார்கள். பூவரும்பு இருந்தால் வேருக்குப் போக வேண்டிய சேமிப்பை அது தின்றுவிடும். இளவேனில் கழிந்து முதல் தளிர் சற்று முற்றும்போது, வளைத்தால் வில்லாக வளைந்து பிறகு சட்டென்று ஒடியும் பருவத்தில் வெட்டுவது மென்தண்டு முறை. அதில் மேலிருக்கும் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுவார்கள். பனிப்புகை போல நீர் தெளிக்கும் கூடாரத்தில் மென்தண்டு ஆறு முதல் எட்டுக் கிழமையில் வேர் விடும். வன்தண்டு இரண்டு மாதமும் எடுக்கும், நான்கு மாதமும் எடுக்கும்.

திருகோணமலையில் வன்தண்டு முறைக்கு வாய்ப்பே இல்லை. இங்கே செடி உறங்குவதில்லை. மிஞ்சுவது மென்தண்டும் அதற்குச் சற்று முற்றிய அரைவன் தண்டும்தான்.

மழை பிடித்த கார்த்திகையில் மறுபடி பன்னிரண்டு வெட்டினேன். விடியற்காலையில், இலை விறைப்பாக இருக்கும்போது வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றி, பத்து நிமிடத்துக்குள் நட்டாயிற்று. கத்தியைச் சாராயத்தில் துடைத்துக்கொண்டேன். இந்த முறை எரு இல்லை, மண் இல்லை. வேர் விடாத தண்டுக்குச் சத்து எதற்கு? எருவிலிருக்கும் பங்கசு மட்டும்தான் அதனால் பிழைக்கும்.

மேலைநாட்டார் இதற்குப் பீட் எனப்படும் சதுப்புநிலத்துப் பாசிமக்கையும் பேர்லைட் என்ற இலேசான வெண்கல் துகளையும் சரிபாதி கலக்கிறார்கள். நமக்குக் கையருகே இருப்பது தென்னந்தும்புத்தூள். அதையும் ஆற்றுமணலையும் கலந்தேன். தும்புத்தூளில் ஒரு கண்டம் இருக்கிறது. மட்டை உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தால் சோடியமும் குளோரைட்டும் அதில் தங்கியிருக்கும். பொட்டாசியம் இயல்பாகவே அதிகம். வாளியில் போட்டு மழைத்தண்ணீரால் நாலைந்து தடவை அலசி, பிழிந்த தண்ணீர் தேயிலைச் சாய நிறம் போய் வெளிறும்வரை விடக்கூடாது. இடையில் ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். உலகின் பல நாடுகளில் புளூபெரியை இப்போது நிலத்தில் நடாமல் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அந்தத் தொட்டிகளை நிரப்புவதில் பெரும்பங்கு தும்புத்தூளுக்குத்தான். இலங்கையும் இந்தியாவும் அதை ஏற்றுமதி செய்கின்றன. பழம் இங்கே விளையாவிட்டாலும் அதன் காலடியில் நம் தேங்காய்மட்டை கிடக்கிறது.

வேர்த்தூள் போடலாமா என்று கேட்பார்கள். கடையில் கிடைக்கும் தூளில் இருப்பது இன்டோல் பியூற்றிரிக் அமிலம், ஒக்சினின் உறவு. மென்தண்டில் கொஞ்சம் உதவும். வன்தண்டில் பெரிய வித்தியாசம் தராது. நான் தொட்டும் தொடாமலும் போட்டேன். அதற்குப் பதிலாகச் சிலர் பூசும் கற்றாழை, தேன், கறுவாத்தூள் பற்றியெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வேர் வருவதும் வராததும் பெரும்பாலும் காற்றின் ஈரத்தில் தங்கியிருக்கிறது, தூளில் அல்ல. பனிப்புகை இயந்திரம் இல்லாதவர்களுக்குத் தெளிவான பொலித்தீன் கூடாரம் போதும். நாலு ஈர்க்குக் கட்டை வளைத்து, பொலித்தீனால் மூடி, ஓரத்தை மணலால் அமுக்கி, மேலே கிடுகு சாத்தினேன். வெயில் நேரடியாக விழுந்தால் கூடாரம் அடுப்பாகிவிடும். உள்ளே 40 பாகையைத் தாண்டுவதற்கு அரை மணித்தியாலம் போதும். வேர்ப்பகுதி 21 முதல் 27 பாகைக்குள் இருந்தால் நல்லது. திருகோணமலையில் அந்த அளவு கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதத்தில்தான் ஓரளவு வாய்க்கும், அதுவும் வடகீழ்ப்பருவ மழை ஒழுங்காகப் பெய்தால்.

பன்னிரண்டில் நாலு வேர் விட்டன. நாற்றுமேடைக்காரர் சிரிப்பார். எனக்குப் போதும்.

வேர் விட்டதை இழுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும், இலையைப் பார்த்தல்ல. இலையை இரு விரலால் பிடித்து மெல்ல மேலே தூக்கினால் தண்டு எதிர்த்துப் பிடிக்க வேண்டும். அந்த எதிர்ப்பு வரும்வரை கூடாரத்தைத் திறக்கக்கூடாது. வந்த பிறகும் ஒரேயடியாகத் திறக்காமல், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

தண்ணீர் பார்த்த வேலை

அந்த நாலு கன்றும் மாசி வரை நல்ல பிள்ளைகள். மழைத் தண்ணீர்ப் பீப்பாய் வற்றியதும் கிணற்றுக்கு மாறினேன். இரண்டு கிழமையில் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, இடையில் எலுமிச்சை மஞ்சள். வலை போட்டது போல இருக்கும். இரும்புப் பற்றாக்குறையின் கையெழுத்து அது.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. இரும்பைக் கரைத்து எடுக்கப் புளூபெரிக்குத் தெரியவில்லை. அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவில் 7 நடுநிலை, புளூபெரிக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும். அந்தப் புளிப்பில் இரும்பு தானாகக் கரைந்து நிற்கும். பல்லாயிரம் ஆண்டு சதுப்பில் வாழ்ந்த செடி, கரைந்து கிடந்ததை உறிஞ்சப் பழகிவிட்டது. அதன் வேரில் மற்றச் செடிகளுக்கு உள்ள வேர்மயிர்கூடக் கிடையாது. மயிர் செய்ய வேண்டிய வேலையை வேரோடு கூடிவாழும் ஒருவகைப் பங்கசு செய்கிறது. நைதரசனை நைத்திரேற்றாகக் கொடுத்தால் சரியாக எடுக்காது, அமோனியமாகத்தான் வேண்டும். மருமகனின் மொழியில் சொன்னால், "வெளிநாட்டு மாப்பிள்ளை போல."

நம் பக்கத்து நிலம் இதற்கு நேர்மாறு. கரையோரம் முழுக்கக் கடல்மணல், அதில் சிப்பி நொறுங்கிய துணுக்கு. சிப்பி என்றால் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் உள்ளே போனால் உலர்வலயத்துச் செங்கபில மண். நெல்லுக்கும் சோளத்துக்கும் அருமையானது, நடுநிலையை ஒட்டியது. வீட்டு முற்றங்களிலோ வீடு கட்டியபோது சிந்திய சீமெந்து வேறு. கிணற்று நீரில் இருகாபனேற்று கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதன் மிச்சம். உவர்மலையில் உவர் இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கேத்தல் வெள்ளை எங்கள் வீட்டில் உண்டு. தொட்டிக் கலவையை எவ்வளவு புளிப்பாக்கி வைத்தாலும், ஒவ்வொரு செம்புத் தண்ணீரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுநிலைக்கு இழுத்துவிடுகிறது. கடலை நெருங்கிய கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். புளூபெரிக்குக் குளோரைட்டு அறவே ஆகாது, கடையில் எம்.ஓ.பி. என்று தரும் பொட்டாசியம் குளோரைட்டுப் பசளையையும் அதனால்தான் விலக்கச் சொல்கிறார்கள்.

இதற்கு மாற்று வழி இருக்கிறது. கந்தகத் தூளைக் கலவையில் போட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக்கும், மாதக்கணக்கில் ஆகும். அமோனியம் சல்பேற்றை மிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் நைதரசனும் கிடைக்கும், புளிப்பும் ஏறும். கிணற்று நீரில் சிறிது சித்திரிக் அமிலம் கலந்து இருகாபனேற்றை முறித்துவிட்டு ஊற்றலாம். குடித்து முடித்த கோப்பிச் சக்கையைப் போடச் சொல்வார்கள். வடித்த பிறகு சக்கையில் புளிப்பு பெரிதாக மிஞ்சுவதில்லை, எனவே பயன் குறைவு. எல்லாவற்றையும் விட நல்லது மழைத்தண்ணீர். மாரியில் கூரைநீரைப் பிடித்து வைத்தால் நாலு தொட்டியைக் கோடை முழுக்கக் காப்பாற்றலாம். நூறு தொட்டியை? மருமகன் கணக்கை மறுபடி எடுத்தான். தண்ணீர்த் தாங்கியின் விலையை அதில் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை மூடினான்.

கண்ணாடி வீட்டுக்கு வெளியே ஒரு கிளை

மண்ணையும் தண்ணீரையும் தொட்டிக்குள் பொய்யாகவேனும் உண்டாக்கலாம். குளிர்காலத்தை உண்டாக்குவது வேறு காரியம்.

முன்பு சொன்ன தாவரவியலாளர் பிரெடரிக் கோவில் இதையும் ஆராய்ந்தார். குளிரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இதமான கண்ணாடி வீட்டில் வைத்த புளூபெரிச் செடிகள் இளவேனிலில் துளிர்க்க மறுத்தன. வெளியே பனியில் நடுங்கியவை துளிர்த்துப் பூத்தன. பிறகு உள்ளே நின்ற செடியின் ஒரேயொரு கிளையை மட்டும் சுவரின் துவாரம் வழியாக வெளியே குளிரில் நீட்டிவிட்டார். குளிர்பட்ட அந்தக் கிளை மட்டும் இளவேனிலில் இலைவிட்டது. அதே வேர், அதே தண்டு. உள்ளிருந்த கிளைகள் உறக்கத்திலேயே கிடந்தன. 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: குளிர் தட்டி எழுப்பும் வேலையை ஒவ்வொரு அரும்பிலும் தனித்தனியாகச் செய்கிறது.

இன்று இதை மணித்தியாலத்தில் கணக்கிடுகிறார்கள். 7 பாகைக்குக் கீழ் எத்தனை மணித்தியாலம் கழிந்தது என்பது கணக்கு. வட அமெரிக்காவின் உயரப்பற்றை இரகங்கள் 800 முதல் 1000 மணித்தியாலமோ அதற்கு மேலோ கேட்கின்றன. புளோரிடா போன்ற வெப்பமான மாநிலங்களுக்காக, அங்கு இயற்கையாக வளரும் இனங்களோடு கலந்து உருவாக்கிய தென்பகுதி இரகங்களுக்கு 150 முதல் 600 போதும். 1998இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட 'பிலொக்சி' மிகக் குறைவாகக் கேட்பவற்றுள் ஒன்று. பேருவின் பாலைவனக் கரையில் முதலில் பரவியது அதுதான். இன்று பேரு உலகின் முன்னணிப் புளூபெரி ஏற்றுமதி நாடு.

பேருவை எடுத்துக்காட்டி, "அதுவும் வெப்ப நாடு, கடற்கரை, மணல், நம்மைப் போலத்தான்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். பேருவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதனால் அங்கே குளிர்கால இரவுகள் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும், பகலிலும் முகில் மூடியிருக்கும். நம் முன்னே கிடப்பதோ வங்காள விரிகுடா. திருகோணமலையில் மிகக் குளிரான தை மாத இரவிலும் சராசரி 24 பாகை. கோணேசர் கோவில் மலையில் மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலை நிற்கும்போது சால்வை தேடுகிறோமே, அந்தக் குளிர் புளூபெரிக்கு நடுக்கோடை. குளிர் காணாத செடி பச்சையாக வளரலாம், இடையிடையே பருவம் தப்பி நாலு பூ விடலாம். ஹோட்டல் காலை உணவுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுக்கும் விளைச்சல் அதிலிருந்து வராது. என் நாலு கன்றில் ஒன்று வைகாசியில் மூன்று மணிப்பூ விட்டது. மூன்றும் உதிர்ந்தன.

இலங்கையில் இதற்கு இடமே இல்லை என்று சொல்லவும் முடியாது. புளூபெரியின் பேரினமான வக்சினியத்தைச் சேர்ந்த இயற்கை மரங்கள் நம் உயர்மலைக் காடுகளிலேயே நிற்கின்றன. அதே குடும்பத்து ரொடொடென்ட்ரன் ஹோட்டன் சமவெளியில் சிவக்கப் பூக்கிறது. நீலகிரித் தமிழர் அதைக் காட்டுப்பூவரசு என்பார்கள். அங்கே தை, மாசி இரவுகளில் சில நாள் புல்லில் உறைபனி படியும். தேயிலை மண் இயல்பாகவே 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டது, புளூபெரிக்கு அளந்து வைத்தது போல. போதாததற்கு, தண்டில் நாற்று எடுப்பதில் மலையகத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இருக்கும் கை நம்மில் எவருக்கும் கிடையாது. வீ.பீ. தேயிலை என்பதே ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, நிழற்பந்தலின் கீழ் பொலித்தீன் உறையில் வேர்விட வைத்த தேயிலைதான்.

மருமகன் இதற்கிடையில் இணையத்தில் ஒருவரிடம் 'வேர் விட்ட புளூபெரித் தண்டு' என்று பத்து வாங்கிவிட்டான். வந்த பொதியில் இருந்தவற்றின் இலையைக் கசக்கிப் பார்த்தேன், கொய்யா மணத்தது. கனடாச் சித்தி, தன் வீட்டுச் செடியிலிருந்தே தண்டு வெட்டிப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் உயிர்த்தண்டு கொண்டுவரக்கூடாது. தண்டுக்குள் ஒளிந்து வரும் வைரசைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் எந்தக் கண்ணும் பார்த்துப் பிடிக்க முடியாது என்பதால்தான் அந்தச் சட்டம். புதிய இரகங்கள் பலவற்றுக்குக் காப்புரிமையும் உண்டு. சொந்தச் செடியாக இருந்தாலும் வெட்டிப் பெருக்க உரிமையில்லை.

பொலித்தீன் கூடாரம் வீணாகவில்லை. அதில் இப்போது மாதுளைத் தண்டு இருபது நிற்கிறது. மாதுளை, கேட்டால் வேர் விடும் சாதி. எங்கள் கிணற்றுத் தண்ணீரோடும் அதற்குப் பகையில்லை. ஹோட்டல்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, ஆனி ஆடியில் வீதியோரம் விற்கும் பாலைப்பழத்தைச் சொன்னேன். மருமகன் முகத்தைச் சுளித்தான். பால் பிசுபிசுத்து உதட்டில் ஒட்டும் பழத்தை வெள்ளைக்காரர் எப்படித் தின்பார் என்பது அவன் கவலை.

நாலு புளூபெரிக் கன்றுகளையும் தாய்ச்செடியையும் ஓலைப்பெட்டியில் அடுக்கி, ஈரச்சாக்கு சுற்றி, நானுஓயாவில் இருக்கும் பழைய சக ஆசிரியர் ஒருவரிடம் ஆனி மாதம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அவருடைய வீடு தேயிலைச் சரிவின் ஓரத்தில். போன கிழமை தொலைபேசியில் பேசினார். இலை மறுபடி பச்சையாகிவிட்டது, புதுத்தண்டு அடியிலிருந்து கிளம்புகிறது, பசளை என்ன போடட்டும் என்று கேட்டார். ஆறு கிழமைக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேற்று போதும் என்றேன். பிறகு நினைவு வந்து மறுபடி அழைத்தேன்: தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் ஆண்டில் பக்கத்து மலையில் டொலமைட் என்ற சுண்ணாம்புத்தூள் தூவுவார்கள், அன்றைக்கு மட்டும் தொட்டிகளை வீட்டுக்குப் பின்புறம் தூக்கி வைத்துவிடுங்கள்.